நாற்பத்தொன்றாம் நம்பர்

கொழும்பு டாக்டரின் ஜீப் லயத்து வாசலில் வந்து நின்றதுமே அம்மாக்கண்ணுவுக்கு வயிறு எரிந்தது. ஐந்து வருசத்துக்கு முன்னால் இதே ஆள், இதே தடித்த நோட்டோடு வந்து, அறுபத்தொரு பிள்ளைகளிடம் ரத்தம் எடுத்துப் போனவர். கால்களை முடக்கும் காய்ச்சல் எந்தப் பிள்ளையைப் பிடிக்கும், எதை விடும் என்று ஆராய்கிறாராம். "காய்ச்சல் வந்தா சொல்லியனுப்புங்க, ஓடி வர்றேன்" என்று அன்றைக்குச் சொன்னார். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு!

டாக்டர் நாகலிங்கம், அட்டன் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்தவர் மகன். லண்டன் வரை போய்ப் படித்தவர். இன்றைக்கு அதே பிள்ளைகளிடம் இரண்டாம் தடவை ரத்தம் வேண்டுமாம்.

"அறுபத்தொண்ணுல ஒரு பிள்ளைகூடச் சாகல. வர்ற மாசம் லண்டன்ல இதைத்தான் படிக்கப் போறேன்" என்றார், தோட்டத்து மருந்துக்காரர் முத்துலிங்கத்திடம். முத்துலிங்கம் தரையைப் பார்த்தார்.

லயத்து வரிசை வீடுகளில் முதல் காம்பரா அம்மாக்கண்ணுவுடையது.

"நாப்பத்தொண்ணு, அழகம்மா" என்று டாக்டர் நோட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். அம்மாக்கண்ணு மகளைப் பிடித்து முன்னால் விட்டாள்.

அந்த அழகம்மா இவள் இல்லை. மூத்தவளான அவள் செத்துப்போனாள். அடுத்த வருசம் இவள் பிறந்தபோது தோட்டத்தில் வேலைநிறுத்தம். பிறப்பைப் பதியத் தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். பிறந்த கடுதாசி இல்லாத பிள்ளைக்கு இந்த நாட்டில் கூப்பன் அரிசி உண்டா, பள்ளிக்கூடம் உண்டா? அதுவரை பதியாமல் கிடந்த மூத்தவளின் சாவை, தோட்டத்துச் சாவுகளை எழுதி அனுப்பும் முத்துலிங்கம் அப்படியே விட்டுவிட்டார். அவள் பேரும் அவள் கடுதாசியும் இவளுக்கு வந்தன. விசயம் வெளியே தெரிந்தால் இவளுக்கு அதுவும் போய்விடும்.

"ஏழு வயசுக்கு இவ்வளவுதானா? சோறே போடுறதில்லையா?"

பிள்ளைக்கு நாலுதான் ஆகிறது. அம்மாக்கண்ணு பல்லைக் கடித்தாள்.

டாக்டர் பிள்ளையின் பாவாடையை முழங்கால் வரை தூக்கிப் பார்த்தார். "தீக்காயத் தழும்பு எங்க? நோட்டுல எழுதி வச்சிருக்கேனே. வேற பிள்ளையக் காட்டி ஏமாத்துறியா? தோட்டத்து ஆளுங்க புத்தி!"

அவ்வளவுதான், அம்மாக்கண்ணுவுக்கு வாய் அடங்கவில்லை.

"புத்தியப் பத்தி நீங்க பேசாதீங்க. அவ செத்துட்டா. ரத்தம் எடுத்துட்டுப் போன மூணாம் மாசம் அதே காய்ச்சல் வந்து, காலு வெளங்காம, மூச்சு முட்டிச் செத்தா. தந்தி அடிச்சோம். ஓடி வர்றேன்னீங்களே, வந்தீங்களா?"

"அவ ரத்தத்துல காய்ச்சலை எதிர்க்கிற சத்து இருந்துச்சு. அவளுக்கு வந்திருக்க முடியாது."

"வந்துச்சு சார்" என்றார் முத்துலிங்கம், மெல்லிய குரலில். "தந்தி நான்தான் அடிச்சேன்."

டாக்டர் பேனாவைத் திறந்து நோட்டில் ஒரு வரி எழுதினார். எட்டிப் பார்த்த முத்துலிங்கம் அம்மாக்கண்ணுவின் காதில் குசுகுசுத்தார்: "தப்பிச்ச! தோட்டத்த விட்டுப் போயிட்டான்னு எழுதிட்டாரு. கடுதாசிக்கு ஒண்ணும் ஆகாது. வாய மூடிக்கிட்டு இரு."

அவள் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க போனா? அந்தா, கீழ் மலையில தேயிலைக்கு அடியில கெடக்கா. செத்துட்டான்னு எழுதுங்க!"

"அடிப்பாவி, கடுதாசி!" என்று முத்துலிங்கம் பதறினார்.

"போனாப் போகட்டும். எழுதச் சொல்லுங்க."

"ஒரு பிள்ளைக்காக என் அஞ்சு வருச வேலையக் கெடுத்துக்க முடியாது" என்று டாக்டர் நோட்டை மூடினார். "அடுத்த காம்பரா!"

அடுத்த காம்பரா நாகலெட்சுமியுடையது. தந்தி அடிக்கச் சொல்லி முத்துலிங்கத்திடம் அன்றைக்கு ஓடியவள் அவள்தான். மகளின் சட்டைக்கையை மடித்துவிட்டு நின்றவள், அதை இறக்கிவிட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதற்கடுத்த கதவும் சாத்திக்கொண்டது. அப்புறம் லயம் நெடுகப் படார் படாரென்று சத்தம். டாக்டர் ஊசியும் கையுமாக நின்றார்.

அம்மாக்கண்ணு தன் மகளை உள்ளே தள்ளிவிட்டு, வாசலை மறித்து நின்றாள்.

"அவ போயிட்டான்னுதானே எழுதியிருக்கீங்க? மத்த அறுபதும் அவ கூடவே போயிருச்சு. அதையும் எழுதிக்கிட்டு மலைய விட்டு எறங்குங்க."