மூன்றாம் சுற்று

கம்சிங்கின் வலது கை விரிய மறுத்தது. இறந்தவரின் உள்ளங்கையில்தான் மல்லிகைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். லம்யை கணவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள். பலமுறை உடைந்து கோணலாகக் கூடிய விரல்கள். அவள் கையை எடுத்ததும் மறுபடி மடங்கின.

"விடும்மா. மேலயே ஊத்தட்டும்" என்றாள் மகள் துவாங்.

"உயிரோட இருந்தப்பவே விரியாத கை. இப்பவா விரியப் போவுது?" என்றாள் லம்யை.

கோயில் மண்டபத்தில் வரிசை படி வரை நின்றது. சந்தைக்காரர்கள், உறவினர்கள், பழைய பயிற்சிக் கூடத்து ஆட்கள். தலைமாட்டில் துவாங் வைத்திருந்த படத்தில் இடுப்பில் சாம்பியன் பட்டையோடு ஒரு இளைஞன் முறைத்துக்கொண்டிருந்தான். புரிராம் சந்தையில் கோழி சுடும் அடுப்புக்குப் பின்னால் லம்யையோடு வியர்வையில் நின்ற மனிதரை அந்தப் படத்தில் தேட முடியாது. அந்த இளைஞனை, குத்தும் உதையுமாக மோதும் பாங்காக் குத்துச்சண்டை அரங்குகளில் யாருமே கீழே விழவைத்ததில்லை என்பார்கள். அந்தப் பேச்சைச் சொல்லியே கடையில் கோழி வாங்கிப் போனவர்கள் உண்டு.

வரிசையில் பேச்சு திடீரென்று அடங்கியது. துவாங் அம்மாவின் தோளில் கை வைத்தாள்.

"அந்த ஆளு வந்திருக்கான். வெளிய போகச் சொல்லவா?"

லம்யை நிமிர்ந்து பார்த்தாள். விசியன். வெள்ளைச் சட்டை, ஒரு பக்கம் சாய்ந்த மூக்கு. மற்றவர்களைப் போலவே வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

"வரட்டும்" என்றாள்.

இந்த வருஷம் மழை தொடங்குவதற்கு முன்பு, விளையாட்டரங்கின் ஆண்டு விழாவுக்குப் பழைய வீரர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். தலையில் இனி ஒரு அடிகூடப் படக்கூடாது என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். லம்யை அதை ஞாபகப்படுத்தியபோது கம்சிங் சிரித்தார்.

"கண்காட்சிச் சண்டைடி. மூணு சுத்து. ரெண்டு கிழவனுங்க கட்டிப்புடிச்சு ஆடுவோம். கடைசியில ரெண்டு பேரு கையையும் தூக்கிவிட்டு அனுப்பிருவாங்க."

அவள் நம்பினாள். விழாக் கூட்டத்துக்குக் கோழி சுட வேண்டியிருந்ததால் பார்க்கப் போகவில்லை. மறுநாள் யாரோ ஒருவர் கடையிலேயே செல்போனில் காட்டினார். விசியனின் கால் உயர்ந்து கம்சிங்கின் கழுத்தோரம் இறங்குவதை, அவர் சாய்வதை. அதன்பின் தலைவலி வந்தது. கையில் பிடித்த கோழிக் குச்சிகள் நழுவின. நேற்றுக் காலை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துபோனார்.

விசியன் மண்டியிட்டு, மடங்கிய விரல்களின் மேல் தண்ணீரை ஊற்றினான். கைகூப்பினான். எழுந்து போகாமல் லம்யைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, என்னை நாலு வார்த்தை வைஞ்சிருங்க."

"எல்லாம் வைஞ்சு தீத்தாச்சு. விளையாட்டுன்னு சொல்லித்தானே ஏறினீங்க? விளையாட்டுல எதுக்கு அந்த உதை?"

"அண்ணன் கேட்டாரு."

லம்யை அவனைப் பார்த்தாள்.

"மொத ரெண்டு சுத்தும் பேசினபடிதான் ஆடுனோம். மைக்குல ஒருத்தன், 'தாத்தா, மெதுவா! பல்செட்டு விழுந்துரப் போவுது'ங்கறான். சனமெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்குது. மூணாவது சுத்துல கட்டிப்புடிச்சப்ப அண்ணன் என் காதுல சொன்னாரு. 'விசியா, நாம என்ன கோமாளிங்களா? அடிடா. நெசமா அடி'ன்னு. நான் மாட்டேன்னேன். விலாவுல முழங்காலால ஒண்ணு குடுத்தாரு பாருங்க... அதே பழைய அடி. மூச்சே நின்னுருச்சு. அப்புறம் என் காலு என் பேச்சைக் கேக்கல."

விசியன் விலாவைத் தடவிக்கொண்டான்.

"விழுந்தவரு எந்திரிச்சு நின்னு என்னைக் கும்பிட்டாரு. அரங்கமே கப்சிப். ஒருத்தன் சிரிக்கல அண்ணி. என்னை மாதிரி எல்லாம் விழாவுக்கு விழா குட்டிக்கரணம் போட்டுப் பொழைக்கல அவரு. சண்டைக்காரனாவே போய்ச் சேந்தாரு. இதை உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்."

நல்ல சேதி கொண்டுவந்தவனைப் போல அவள் முகத்தையே பார்த்தபடி இருந்தான்.

தலைவலியில் கம்சிங் துடித்த நாட்களில் எல்லாம் அவள் நெற்றியில் தைலம் தேய்த்தபடி விசியனைத் திட்டியிருக்கிறாள். அவன் கால் அழுகிப் போகட்டும் என்று சொல்லியிருக்கிறாள். கம்சிங் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

"அவனை வையாதேன்னு ஒரு வார்த்தை சொல்லல எங்கிட்ட" என்றாள் லம்யை.

விசியன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சிரிச்சா என்ன இப்போ? அதுங்க சிரிச்சுட்டு வீட்டுக்குப் போயிருக்கும். நானும் எம் புருசனைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்."

"அது உங்களுக்குப் புரியாது அண்ணி."

"ஏன் புரியாது? அந்த நேரத்துல அவருக்கு உன் ஞாபகம் இருந்துச்சு. அந்தச் சனத்தோட ஞாபகம் இருந்துச்சு."

விசியன் படத்தைப் பார்த்து இன்னொரு முறை கைகூப்பி எழுந்து போனான். துவாங் வந்து, "என்னம்மா சொன்னான்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

மண்டபத்துக்கு வெளியே, சாப்பாடு சமைக்க வந்திருந்த பெண்கள் விசியனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவன் வேண்டாம் என்று கையாட்டுவது லம்யைக்கு உள்ளிருந்தே தெரிந்தது. ஒருத்தி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வெயிலில் நிறுத்தினாள். இன்னொருத்தி செல்போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"கையை உசத்துங்கண்ணே! அந்தக் காலத்துல நிப்பீங்களே, அப்புடி!"

விசியன் இரண்டு முஷ்டிகளையும் முகத்துக்கு முன் உயர்த்தினான். தாடை தானாகத் தாழ்ந்தது.

"மூஞ்சி உர்ருன்னு இருக்கு. கொஞ்சம் சிரிங்க."

விசியன் சிரித்தான்.

லம்யை தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து, புதிதாக வந்து நின்றவரிடம் நீட்டினாள்.