மூன்று ஃபோட்டோக்களில் ஒரு சேலை

மர்பி டவுனில் ஒரு கல்யாணம் என்றால் விஷயம் முதலில் தெரிய வேண்டியது பெண்வீட்டுக்கு அல்ல, எதிர்வீட்டு ஜோசஃபினுக்கு. ஆகவே பெண்ணின் அம்மா ஹெலனின் கைப்பேசியில் அந்தச் சேலை ஃபோட்டோ வந்து விழுந்த அன்றைக்கே தெருவில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். பார்த்தவர்கள் ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள்.

சேலை சம்பந்தி ஞானம்மாளுடையது. கோலார் தங்கவயலில் இருக்கிற அவர், தன் கல்யாணப் பட்டுச்சேலையை வரப்போகும் மருமகள் மோனிகா வரவேற்புக்குக் கட்டவேண்டும் என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அதற்கான ரவிக்கை எப்போதோ கிழிந்து போயிற்று. புதிதாகத் தைப்பது பெண்வீட்டார் பொறுப்பு. ஆனால் ஞானம்மாள் வீட்டில் ஒரு வழக்கம்: பாஸ்டர் ஜெபம் பண்ணிக் கொடுக்கும்வரை கல்யாணச் சேலை வாசலைத் தாண்டாது. அதனால்தான் ஃபோட்டோ.

என்ன நிறம் என்று போனில் கேட்டுவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். ஹெலனால் கேட்க முடியாது. நிச்சயதார்த்தத்தன்று ஞானம்மாள் சேலைப் பேச்சை எடுத்தபோது, ஹெலனின் வாய் அவளைக் கேட்காமலே "பழசா?" என்று கேட்டுவிட்டது. ஒரே சொல்தான். ஞானம்மாளின் முகம் திரிந்த பால் மாதிரி ஆயிற்று. இப்போது ரவிக்கையும் பொருந்தாமல் போனால் என்ன நினைப்பார்? வேண்டாவெறுப்பாகக் கட்டிவிட்டிருக்கிறாள் என்றுதானே? அந்த வீட்டில் போய் வாழ வேண்டியவள் மோனிகா.

முதல் ஃபோட்டோவில் சேலை கத்தரிக்காய் நிறம். ஹெலன் ஓடிப்போய் மேட்சிங் கடையில் ரவிக்கைத் துணி எடுத்தாள். இரண்டு நாள் கழித்து இன்னொரு ஃபோட்டோ, அதில் அரக்கு. மறுபடி கடை. மூன்றாவதில் சேலை சுட்ட செங்கல் மாதிரி இருந்தது. அதற்கும் துணி வாங்கிவிட்டு, கணவர் ஜெயராஜிடம் போய் நின்றாள்.

"இது இன்னா கலருங்க?"

"செவப்பு."

"இது?"

"செவப்பு."

"சரி, இது?"

"அதுவும் செவப்புதான். சேலை ஒண்ணுதானேம்மா?"

ஜெயராஜுக்கு உலகத்தில் மொத்தமே ஐந்து நிறம். அதில் ஒன்று காக்கி.

ஜோசஃபின் மூன்றையும் தன் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்தாள். துக்கவீட்டு ஃபோட்டோவைக்கூடத் தேர்த்திருவிழாவாகக் காட்டுகிற கைப்பேசி அது. மூன்றும் ரோஜா நிறமாகிவிட்டன. "இது ஆவறதில்ல, ஹெலன். நேர்ல போலாம். பத்திரிகை குடுக்க வந்தோம்னு சொல்லிக்கலாம்," என்றாள். தன்னை யாரும் கூப்பிடவில்லை என்பது அவளுக்கு எந்தக் காலத்திலும் ஒரு தடையாக இருந்ததில்லை.

தங்கவயலுக்கு மாரிகுப்பம் ரயிலில் போனார்கள். ஹெலனின் கைப்பையில் மூன்று துணிகளும் ஒளிந்திருந்தன.

ஞானம்மாள் காபி கொடுத்தார், முறுக்கு வைத்தார், பேச்சை மட்டும் அளந்து வைத்தார். பிறகு பீரோவைத் திறந்து சேலையை எடுத்தார். நீலப் போர்வை விரித்த கட்டிலில் வைத்தபோது அது அரக்கு. அப்பாடா என்று ஹெலன் மூச்சு விடுவதற்குள் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் கட்டியிருந்த மஞ்சள் சேலைக்குப் பக்கத்தில் அது கத்தரிக்காயாக மாறிற்று.

"கொஞ்சம் வெளிச்சத்துல பாத்தா..." என்று ஹெலன் இழுத்தாள்.

"சேலை வாசலத் தாண்டாதுங்க."

ஜோசஃபினுக்குப் பொறுக்கவில்லை. "தாண்ட வேணாங்க்கா! வெயிலு உள்ள வரலாமில்ல? கதவ நல்லாத் தொறங்க."

ஞானம்மாள் யோசித்தார். பிறகு கதவை அகலத் திறந்து, நிலைக்கு உள்பக்கமாகவே நின்று, முந்தானையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். நாவல்பழம் தின்றவர் நாக்கு இருக்குமே, அந்த நிறம்! ஹெலன் தன்னை மறந்து கைப்பையிலிருந்து துணிகளை உருவி, ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை.

"மூணு துணி எதுக்குங்க?" என்றார் ஞானம்மாள்.

"நீங்க அனுப்புன மூணு ஃபோட்டோலயும் மூணு கலரு, சம்பந்தியம்மா."

"ஒரு போன் பண்ணிக் கேக்கறது?"

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேப்பேன்? அன்னிக்குக் கேட்டதே இன்னும் தொண்டைல முள்ளா நிக்குது."

ஞானம்மாள் முந்தானையைத் தாழ்த்தினார். "நீங்க அப்படிக் கேட்டதும் எனக்கு ஒரே பேஜாராப் போச்சு. சேலை புதுசாத் தெரியணுமேன்னு டியூப்லைட்ல எடுத்தேன். அனுப்புனப்புறம் பாத்தா வெளுத்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் பக்கத்து வீட்டுப் பொண்ணு போன்ல என்னமோ அமுக்கிப் பளபளன்னு ஆக்கிக் குடுத்தா. அதுவும் மனசுக்கு ஒப்பல. கடைசியா குண்டு பல்புல எடுத்தேன், ஜரிகையாவது மின்னட்டுமேன்னு."

"நல்லா இருக்குது கத!" என்றாள் ஜோசஃபின். "ஒருத்தருக்கு ஒருத்தர் பயந்துக்கினு, வாயில்லாத சேலையப் போட்டு இந்தப் பாடு படுத்தியிருக்கீங்க."

ஞானம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய்க் கத்தரிக்கோலுடன் வந்தார். என்ன செய்யப் போகிறார் என்று புரிந்ததும் ஹெலன் பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். "ஐயோ, வெட்டாதீங்க! உங்க கல்யாணச் சேலைங்க அது!"

"இடுப்புல செருகுற ஓரந்தானே? யாரு பாக்கப்போறா, விடுங்க." சொல்லிக்கொண்டே விரல் அகலத்துக்கு நறுக்கி ஹெலனின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது மட்டும் வாசலத் தாண்டலாமா?" ஜோசஃபினுக்குச் சந்தேகம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

"இது சேலையா? துண்டு நூலு. கர்த்தருக்குத் தெரியாதா?"

மறுநாள் ஹெலன் மேட்சிங் கடையிலிருந்து துணிச் சுருள்களை ஒவ்வொன்றாக வெளியே வாங்கி, நடைபாதை வெயிலில் அந்தத் துண்டோடு வைத்துப் பார்த்தாள். "உள்ள இவ்ளோ லைட் போட்டிருக்கோம், மேடம்," என்று கடைக்காரர் முனகினார்.

"அத நம்பித்தாம்பா மூணு துணி வாங்குனேன்."

ஏழெட்டுச் சுருளுக்குப் பிறகு ஒன்றின்மேல் வைத்த துண்டைத் தேட வேண்டியதாயிற்று. ஹெலன் அங்கேயே நின்று சம்பந்திக்குப் போன் போட்டாள்.

"கெடச்சுடுச்சா? எங்க, ஒரு ஃபோட்டோ..." என்று ஆரம்பித்த ஞானம்மாள் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "வேணா வேணா. தெச்சு முடிச்சதும் எடுத்துக்கினு வாங்க. கோழி அடிச்சு வெக்கிறேன், சாப்புட்டுப் போலாம். அந்த ஜோசஃபினையும் கூட்டிக்கினு வாங்க. எப்படியும் வரத்தானே போவுது."