ரிப்பேர் இல்லாத வியாழக்கிழமை

மாடிப்படிக்கு அடியில் என் வீட்டுக்காரருடைய கருவிப் பை இன்னும் அப்படியே இருக்கிறது. போன வாரம் தூசி தட்டத் திறந்தேன். பழைய ரப்பர் வாசனை குப்பென்று வந்தது, தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனுஷன் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. யாருக்காவது பையைக் கொடுத்துவிடு என்கிறாள் மகள். அவளுக்கென்ன தெரியும்.

எனக்கு அந்த வியாழக்கிழமைகள் மேல்தான் ஏக்கம். குடிகாரன் பெண்டாட்டிக்கு ஏக்கம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்பீர்கள். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இவர் எலக்ட்ரீஷியன். வேலையில் புலி, பொழுது சாய்ந்தால் ஆளே வேறு. ஒரு கட்டத்தில் ஏணி மேல் நிற்கும்போதே கை நடுங்க ஆரம்பித்தது. கரண்டில் கை வைக்கிறவருக்குக் கை நடுங்கினால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும், சேதி சொல்ல வந்துவிட்டார்களோ என்று பதறுவேன்.

ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் ஒரு போன் நம்பரைப் பார்த்தேன். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் வியாழக்கிழமை சாயங்காலம் கூடிப் பேசுகிறார்களாம். இவரிடம் சொன்னேன்.

"நான் என்ன குடிகாரனா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அந்தக் கேள்வியோடு சேர்ந்து வந்த நாற்றத்தில் எனக்குத் தலை சுற்றியது.

நானே போன் செய்தேன். எடுத்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அந்தக் கூட்டத்தை நடத்துகிறவர், அவரும் ஒரு காலத்தில் குடித்தவர்.

"கூட்டம்னு சொன்னா இவர் வரமாட்டார் அண்ணே. ஏதாவது ரிப்பேர்னு பொய் சொல்லிக் கூப்பிடுங்களேன்."

"பொய்யை விடத்தாம்மா நாங்க இங்க வர்றதே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இங்கே ஒருத்தி தவிக்கிறாள், இந்தக் கண்டக்டர் அரிச்சந்திரன் வேஷம் கட்டுகிறார்! போனை வைக்கப் போனேன்.

"இரும்மா, இரு. எங்க ரூம்ல ஒரு டியூப்லைட் நிஜமாவே எரியல. அதுக்கு வரச்சொல்லு."

இவர் போனார். "வட்டமா உக்காந்து அவனவன் கதையைச் சொல்றான். ஏணி மேல நிக்கிறவனை ஒருத்தரும் கண்டுக்கல. டீ மட்டும் குடுத்தாங்க," என்று முணுமுணுத்தபடி திரும்பி வந்தார். அன்றைக்கு நேராக வீட்டுக்கு வந்திருந்தார்.

அடுத்த வியாழன் ஸ்விட்ச் வேலை செய்யவில்லை என்று போன் வந்தது. அதற்கடுத்து ஃபேன். பிறகு கெட்டில். "எந்த மடையன் வயரிங் பண்ணினானோ!" என்று திட்டிக்கொண்டே கிளம்புவார். ஆனால் குளித்துவிட்டுத்தான் கிளம்புவார். சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்வார்.

"ஸ்விட்ச் மாத்தப் போறவருக்கு இஸ்திரி எதுக்காம்?"

"சும்மா இரு."

அங்கே கேட்டதை வீட்டில் சொல்லமாட்டார். தானாகச் சிரித்துக்கொள்வார், அவ்வளவுதான். வரும்போது ஆரஞ்சு வாங்கி வந்து, சமையலறையில் உட்கார்ந்து உரித்து ஒவ்வொரு சுளையாக என் கையில் வைப்பார். கல்யாணமான புதிதில் செய்தது. மற்ற நாட்களில் குடித்தார், மறைக்கவில்லை. வியாழன் மட்டும் எனக்கு என் புருஷன் கிடைத்தார்.

ஒருநாள் கடைத்தெருவில் கண்டக்டரைப் பார்த்தேன். "ஒரே ரூம்ல இவ்வளவு ரிப்பேரா அண்ணே?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "பொய் சொல்லக் கூடாதில்லையா, அதனால முன்கூட்டியே போய் நிஜமாவே ஒண்ணைக் கழட்டி வெச்சிடுவோம். ஃபேனைக் கழட்டப்போய் எனக்கு ஷாக் அடிச்சிடுச்சும்மா."

நடுத்தெருவில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். "எத்தனை நாளைக்கு அண்ணே?"

"அவரா வாயைத் திறக்கிற வரைக்கும்."

பிறகு ஒரு வியாழக்கிழமை. அந்த வாரம் முழுக்க இவர் மோசமாகக் குடித்திருந்தார். நான் வேலை முடிந்து வந்தபோது ஆளைக் காணோம். பை மட்டும் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. பை இல்லாமல் இவர் போகிற இடம் ஒன்றே ஒன்றுதான்.

ஓட்டமும் நடையுமாகச் சாராயக் கடைக்குப் போய் எட்டிப் பார்த்தேன். இல்லை. அங்கிருந்து அந்தக் கூட்டம் நடக்கும் மாடிக்கு ஏறினேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே எல்லா விளக்கும் எரிந்தது, ஃபேன் சுற்றியது. இவர் நடுவில் நின்றுகொண்டிருந்தார், வெறுங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"மத்தியானம் போன் பண்ணி இன்னிக்கு என்ன ரிப்பேர்னு கேட்டேன். ஒண்ணும் இல்லைன்னாரு கண்டக்டர். கழட்ட மறந்துட்டாராம்." யாரோ சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. "எனக்கும் தெரியும், அது தானா கழண்ட ஸ்க்ரூ இல்லைன்னு. ஏணி மேல நின்னா யார் முகத்தையும் பாக்க வேண்டாம். அதான் வந்துக்கிட்டிருந்தேன். நான் குடிகாரன். இன்னிக்கு எனக்கு வேலை இல்ல. உக்காரலாமா?"

கண்டக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் சத்தம் காட்டாமல் கீழே இறங்கினேன். படி முடியும்வரை அழுகையை அடக்க முடிந்தது.

இவர் ஆரஞ்சோடு வந்தார். நான் ஒன்றும் அறியாதவள் மாதிரி, "பையை மறந்துட்டுப் போயிட்டீங்களே," என்றேன்.

ஒரு சுளையை எடுத்து என் கையில் வைத்தார். "மறக்கல," என்றார்.