இரண்டாவது டிஸ்க்

பல் டாக்டரான அத்தான் போன் செய்தாலே அவளுக்கு முகம் சுளிக்கும். அக்காவுக்காகத்தான் போவாள். கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பது அவள் பிழைப்பு. அத்தானுக்கோ அது மச்சினி ஓசியில் செய்யும் கைவேலை.

"எக்ஸ்ரே கம்ப்யூட்டர் செத்துப்போச்சும்மா. வரவேற்புல இருந்தாளே, அவ காபியக் கொட்டித் தொலைச்சிட்டா. நேத்தே வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்றார் கேக்கை மென்றபடி. பக்கத்திலேயே நோயாளிகள் வாய் கொப்பளிக்கும் தொட்டி, அதில் இளஞ்சிவப்பு எச்சில் காய்ந்து கிடந்தது. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

வெளியறையில் கன்னம் வீங்கிய பஸ் டிரைவர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

கம்ப்யூட்டர் பெட்டியில் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். பொத்தானை அழுத்தினாள். சின்னம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கேக் துணுக்கு ஒட்டிப் பிசுபிசுத்த கீபோர்டில் எஸ்கேப் விசையைத் தட்டியதும் சின்னம் மறைந்து வரிவரியாக எழுத்துகள் ஓடின. ஒரு வரியில் நின்றன. இரண்டாவது டிஸ்க் வரட்டும் என்று கம்ப்யூட்டர் காத்திருந்தது. எக்ஸ்ரே படங்களெல்லாம் அந்த டிஸ்க்கில்தான் சேர்த்திருந்தார்கள். காத்திருக்க வரம்பு எதுவும் போட்டிருக்கவில்லை. விட்டால் நாளெல்லாம் காத்திருக்கும்.

மூடியைக் கழற்றினாள். மயிர்ச்சுருள், தூசி, கரப்பான் இறக்கைகள். காபிக் கறை மட்டும் எங்கேயும் இல்லை. டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேபிள் தொங்கியது.

"அதையெல்லாம் ஏன் நோண்டற? செத்துப்போச்சு, படமெல்லாம் அழிஞ்சு போச்சுன்னு அந்த டிரைவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடு. போதும்."

அவள் கீபோர்டின் பக்கம் திரும்பினாள். அந்த டிஸ்க்கைத் தேடாமலே கம்ப்யூட்டர் கிளம்பும்படி அமைப்பை மாற்றித் திரையை வரவழைத்தாள். கம்ப்யூட்டர் தானே எழுதிவைக்கும் பதிவுகளைப் புரட்டினாள். சனிக்கிழமை இரவு வரை டிஸ்க் இருந்திருக்கிறது. ஞாயிறு காலை பத்தரைக்கு இல்லை.

"ஞாயித்துக்கிழமை கிளினிக் லீவு. சாவி உங்ககிட்ட மட்டும்தான இருக்கு, அத்தான்?"

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"போன வாரம் அந்த டிரைவருக்குப் பல்லு பிடுங்கினேன். கெட்டதுக்குப் பதிலா பக்கத்துப் பல்லு வந்துடுச்சு. கை தவறுறது எல்லாருக்கும் நடக்கறதுதான். இப்ப படத்தைக் கேட்டு உயிர எடுக்கறான். இது நமக்குள்ளயே இருக்கட்டும்மா."

"டிஸ்க் எங்க?"

மேசை இழுப்பறையைத் திறந்தார். பிடுங்கிய பற்கள் போட்ட டப்பாவுக்கு அடியில் கிடந்தது. அதைத் தொடும்போது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பற்களால் அல்ல. கேபிளை மாட்டி, மாற்றியதைப் பழையபடி ஆக்கி, மறுபடி கிளப்பினாள். அரை நிமிஷத்தில் திரை வந்துவிட்டது.

அவள் கதவைத் திறந்து டிரைவரைக் கூப்பிட்டாள். "உங்க படம் பத்திரமா இருக்கு. வாங்க, உங்க முன்னாடியே எடுத்துத் தர்றேன்."

அத்தான் சுவரைப் பார்த்து நின்றார். டிரைவர் படத்தைப் பார்த்தார், நாக்கால் வாய்க்குள் தடவினார், அதை வாங்கிக்கொண்டு போனார்.

வாசலில் நின்று வரவேற்புப் பெண்ணுக்குப் போன் போட்டாள். "கம்ப்யூட்டர் உங்களால கெடலம்மா. டிஸ்க்கைக் கழட்டி ஒளிச்சு வெச்சது அவர்தான். வேலைக்குத் திரும்ப வர்றீங்களா? நான் பேசறேன்."

"உண்மையைச் சொன்னதுக்கு நன்றிக்கா. ஆனா அந்த ஆளு மூஞ்சியில இனிமே என்னால முழிக்க முடியாது."

அதற்குள் அக்காவின் அழைப்பு வந்தது. "சொந்த அத்தானையே அசிங்கப்படுத்திட்டியேடி!"

"அசிங்கம் ஏற்கெனவே அங்க இருந்துச்சுக்கா" என்று போனை வைத்தாள். தெருக்குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். போதவில்லை போலிருந்தது, இன்னொரு முறை கழுவினாள்.