எதிர்வீட்டு வாசலில் ஓர் இணைப்பு

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை என் சமையலறை ஜன்னலில் கிடைத்தது. எதிர்வீட்டு வாசலில் நாலு பேர் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள், நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். ஒரே தட்டை முக்கால் மணி நேரம் துலக்கினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் பாதி காதில் விழுந்தது, கால்வாசி கேட்டு வாங்கியது, மிச்சம் நானாகச் சேர்த்தது.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘கடலுக்கடியில் ஒரு கேபிள் ஓடுகிறது, அதில் உலகமே பேசிக்கொண்டிருக்கிறது.’ இது பள்ளிக்கூடக் கட்டுரை.

‘அன்று வானம் இருண்டு கிடந்தது.’ பொய். மண்டையைப் பிளக்கிற வெயில்.

‘இரண்டு வருஷத்துக்கு முன் கடலில் காணாமல் போன ஒருவன்’. இதை முடிக்கவில்லை. இவன் என்ன செய்தான் என்று எழுத வேண்டிய இடத்தில் என் பேனா நின்றுவிட்டது.

2

எதிர்வீட்டில் மூன்று பேர். தம்பிக்காரன், அவனுடைய அண்ணி, அண்ணியின் ஒன்பது வயது மகள். தம்பிக்காரனுக்குக் கேபிள் இணைக்கும் வேலை. தலைமுடி கனத்தில் கண்ணாடி இழைகள், அவற்றுக்குள் ஓடும் வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் நாடுவிட்டு நாடு போகும் பேச்சு. கடல் கேபிள் கரையேறுகிற இடத்தில் மணலுக்குக் கீழே ஒரு கான்கிரீட் அறை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து கடலில் வந்ததையும் தரையில் வந்ததையும் இழைக்கு இழை சேர்ப்பான்.

(இரண்டும் பார்வைக்குச் சம்பந்திகள் மாதிரி. கடல் கேபிள் இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு மிடுக்காக வரும். தரைக் கேபிள் ஒல்லியாக, ஒரு ஓரமாக நிற்கும். தோலை உரித்தால் இரண்டுக்குள்ளும் அதே கண்ணாடிதான். இது அவன் சொன்னது. ‘சம்பந்தி’ மட்டும் என்னுடையது.)

அண்ணன்காரனுக்கும் இதே தொழில். இடது கை பழக்கம், அதனால் வேலையிடத்தில் அவன் பெயரே நொட்டாங்கை. கேபிள் போடும் கப்பலில் ஏறிப் போனான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் தலை எண்ணியபோது ஒன்று குறைந்தது. படுக்கைக்குக் கீழே பூட்ஸ் ஜோடியாக இருந்தது, கால்களைத்தான் காணோம்.

கம்பெனி ‘காணவில்லை’ என்று ஒரு கடிதம் கொடுத்தது. காணாமல் போனவன் மனைவியாக இருப்பது சாதாரண அவஸ்தையில்லை. அண்ணிக்கு வெளிநாட்டில் ஒரு அக்கா. அங்கே ஒரு வேலை, மகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், எல்லாம் தயார். மகளின் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் அப்பன் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் அப்பன் செத்ததற்குச் சான்றிதழ் வேண்டும். சாதாரணமாக ஏழு வருஷம் காத்திருக்க வேண்டுமாம்; நடுக்கடலில் போனவன் என்பதால் இப்போதே கேட்கலாம் என்று வக்கீல் சொல்ல, கோர்ட்டில் மனுப் போட்டாள். வெள்ளிக்கிழமை விசாரணை. அன்று தம்பிக்காரன் நீதிபதி முன்னால் நின்று, ‘என் அண்ணன் உயிரோடு இருப்பதற்கான எந்த அறிகுறியும் எனக்குத் தெரியாது’ என்று சத்தியம் செய்ய வேண்டும்.

அந்த வாரத் திங்கட்கிழமை வரைக்கும் அது உண்மையாகவும் இருந்தது.

3

திங்கட்கிழமை, ஊருக்குள் இருக்கிற கேபிள் நிலையம். கடலையும் தரையையும் சேர்த்து முடித்து, முழு நீளத்துக்கும் வெளிச்சம் விட்டுச் சோதிக்கிறார்கள். வெளிச்சம் எதிலாவது இடித்துத் திரும்பினால், நிலையத்திலிருந்து எத்தனையாவது கிலோமீட்டரில் இடித்தது என்று திரையில் ஒரு முள் எழும்பும்.

“கடலுக்குள்ள ஒண்ணு நிக்குது பாத்தியா? ஆறு புள்ளி நாலுல,” என்றார் சூப்பர்வைசர். “போச்சு. கப்பலக் கூப்புடணும்.”

“இருங்க சார். மூணு புள்ளி ரெண்டுலயும் ஒண்ணு நிக்குது.”

“அது தெருய்யா. தெருவுல ஆயிரம் இருக்கும். கடலப் பாரு.”

“சரியா பாதி சார்.”

சூப்பர்வைசர் திரையைத் தன் பக்கம் திருப்பினார். ஒரு இடத்தில் பலமாக இடிக்கும் வெளிச்சம் போய்த் திரும்பி, மறுபடியும் ஒரு முறை போய்த் திரும்பும். கருவி ஏமாந்து, இரண்டு மடங்கு தூரத்தில் இல்லாத ஒன்றை வரைந்துவிடும். தொழிலில் அதற்குப் பெயர் பேய். (நான் வைத்த பெயரில்லை, சத்தியமாக.) அப்படி ஒன்றைக் கண்டால் பாதி தூரத்தில் தேட வேண்டும் என்பது அவர்கள் முதல் நாள் படிக்கிற பாடம்.

தம்பிக்காரன் வரைபடத்தில் விரல் வைத்து மூன்று புள்ளி இரண்டை எண்ணிக்கொண்டே போனான். விரல் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. அவன் வீட்டு வாசலுக்குப் பன்னிரண்டு அடி முன்னால் நின்றது.

“அங்க நமக்கு இணைப்பே கெடையாதேய்யா,” என்றார் சூப்பர்வைசர்.

“இல்ல சார். எட்டு மாசம் முன்னாடி ஒரே நீளமா இழுத்தது. அன்னிக்கு சோதிச்சப்ப சுத்தமா இருந்துது.”

“அப்ப நடுவுல எவனோ வெட்டிச் சேத்திருக்கான்.”

கடல் கேபிள் வந்து சேரும்வரை அந்தத் தரைக் கேபிளில் ஒன்றும் ஓடவில்லை. வெட்டினால் யாருக்கும் தெரியாது. சேர்த்தாலும் தெரியாது.

4

‘குழிக்குள் இறங்கிப் பெட்டியைத் திறந்தபோது சில்லென்று ஒரு காற்று’. வேண்டாம், அடித்துவிட்டேன். காற்றும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. சுற்றிலும் லாரிச் சத்தம்.

நான்கடி ஆழத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் ஒரு தட்டு. தட்டில் இருபத்து நான்கு இழைகள். உருக்கி ஒட்டும் மெஷின் இல்லாமல், கையாலேயே முனைக்கு முனை சேர்த்தவை. அதனால்தான் வெளிச்சம் அப்படி இடித்திருக்கிறது. சேர்த்த பிறகு மிஞ்சும் இழையைத் தட்டில் வட்டமாகச் சுற்றி வைப்பார்கள். எல்லாரும் வலப்பக்கமாகச் சுற்றுவார்கள், அப்படித்தான் பழக்குகிறார்கள். ஒரே ஒருத்தன்தான் இடப்பக்கமாகச் சுற்றுவான். எத்தனை தரம் திட்டினாலும் மறுபடி அப்படியே செய்வான்.

இருபத்து நான்கும் இடப்பக்கமாகச் சுற்றியிருந்தன.

கேபிளுக்கு வயது எட்டு மாதம். அவன் போய் இரண்டு வருஷம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் மூன்று தரம் போட்டேன்.

தம்பிக்காரன் குத்துக்காலிட்டுத் தட்டின் மேல் குனிந்தான். தட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு.

(உப்பு நான் சேர்த்தது என்று நினைப்பீர்கள். இல்லை. அவனே சொன்னான். எங்கள் தெருவுக்கும் கடலுக்கும் இரண்டு கிலோமீட்டர்.)

“என்னய்யா, பாம்பு கீம்பு கெடக்கா?” மேலேயிருந்து சூப்பர்வைசர்.

“இல்ல சார்.”

“எவன் வேலைன்னு தெரியுதா?”

நான் தட்டைத் துலக்குவதை நிறுத்தினேன்.

“தெரியல சார்.”

“தெரியாம இருக்கறதே நல்லது. எழுதி வச்சா நூறு பேரு வந்து கேப்பான். வெட்டித் தூக்கிப் போட்டுட்டு புதுசு போடு. வெள்ளிக்கெழமை லைன ஒப்படைக்கணும்.”

“வியாழக்கெழமை பண்ணிடறேன் சார்.”

“இன்னிக்கு என்ன கேடு?”

“மெஷின் சார்ஜ் இல்ல.”

மெஷினில் சார்ஜ் இருந்தது.

5

இந்த அண்ணன்காரன் எனக்குப் பிடிபடவே இல்லை. எழுதி எழுதிப் பார்க்கிறேன், ஆள் கைக்குள் நிற்க மாட்டேன் என்கிறான். செத்தவன் என்றால் அந்த இழைகளைச் சுற்றியது யார்? உயிரோடிருக்கிறான் என்றால், பெண்டாட்டி பிள்ளை இருக்கும் கதவுக்குப் பன்னிரண்டு அடியில் அரைநாள் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, கூப்பிடாமல் போனவன் எப்படிப்பட்டவன்? செத்திருந்தால் நல்லவன். இருந்தால் என்னவென்று சொல்ல எனக்கே வார்த்தை வரவில்லை. எனக்கு!

புதன்கிழமை அண்ணி துணி காயப்போட வெளியே வந்தாள். குழியைச் சுற்றி மஞ்சள் நாடா. பக்கத்தில் தம்பிக்காரன், சும்மா நின்றபடி.

“என்ன தம்பி, உலகத்துல வேற எடமே கெடைக்கலையா? நம்ம வாசல்லதான் தோண்டணுமா?”

“சின்ன ரிப்பேர் அண்ணி.”

“ரெண்டு நாளா போட்ட சோறு போட்டபடி இருக்கு. குழியையும் மூட மாட்டேங்கறீங்க. உள்ள என்னதான் இருக்கு?”

“ஒயருதான்.”

“ஒயரப் பாத்தா மூஞ்சி இப்பிடியா ஆகும்?”

அவன் நாடாவை இழுத்து இழுத்துக் கட்டினான். ஏற்கெனவே நன்றாகத்தான் கட்டியிருந்தது.

“வெள்ளிக்கெழமை ஒம்போதரைக்கெல்லாம் அங்க இருக்கணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு வக்கீல் சொல்லிட்டாரு.”

“அண்ணி, ஒருவேள அண்ணன்...”

“வேணாம்.” கையிலிருந்த துணியை உதறினாள். “ரெண்டு வருஷமா அந்த ஒருவேளையத் தின்னுதான் உசுரோட கெடந்தேன். எம் பொண்ணுக்கும் அதையே ஊட்டச் சொல்றீங்களா?”

6

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன.

அ. வியாழக்கிழமை அவன் வெட்டி எறிகிறான். வெள்ளிக்கிழமை சத்தியம் செய்கிறான். அண்ணியும் மகளும் விமானம் ஏறுகிறார்கள். அங்கேயிருந்து அவர்கள் கூப்பிடும்போதெல்லாம் அந்தக் குரல்கள் அவன் வாசலுக்கு அடியிலேயே போகின்றன. அவன் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடக்கிறான்.

ஆ. தட்டைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறான். மனு தள்ளுபடி. மகள் இங்கேயே வளர்கிறாள். ஒவ்வொரு மத்தியானமும் மூன்று பேரும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் வரவில்லை.

இ. இது எனக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் தானாக எழுதிக்கொண்டது. வெட்டி எறிந்து புதுசு போட்டு, மறுபடி சோதிக்கிறார்கள். மூன்று புள்ளி இரண்டில் ஒன்றுமில்லை. ஆறு புள்ளி நாலில் மட்டும் முள் நிற்கிறது. பாதியில் ஏதும் இல்லாமல், தனியாக. மறுநாள் ஆறு புள்ளி மூன்று. அதற்கு மறுநாள் ஆறு புள்ளி இரண்டு.

7

முடிவைத் தேர்ந்தெடுக்க முடியாததற்குக் காரணம் கதையில் இல்லை, என்னிடம் இருக்கிறது. இதுவரை உங்களிடம் சொல்லவில்லை.

நாலு மாசத்துக்கு முன் ஒரு மத்தியானம். எதிர்வீட்டில் எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். வாசலில் ஒரு குழி, குழிக்குள் தனியாக ஓர் ஆள். மஞ்சள் சட்டை, ஹெல்மெட், மூக்கு வாயெல்லாம் துணி. கேபிள்காரர்கள் வந்து வந்து போகிற தெருதானே. நான் ஜன்னலிலிருந்தே குரல் கொடுத்தேன்.

“என்னப்பா, திரும்பியுமா? எப்ப முடியும்?”

“ஆச்சுக்கா. இன்னும் கொஞ்சந்தான்.” தலை நிமிரவில்லை. பிறகு, “இந்த வீட்டுல ஆளுங்க இருக்காங்களா?” என்றது அந்தக் குரல்.

இந்த மாதிரிக் கேள்வியை என்னிடம் கேட்கலாமா? கொட்டினேன். புருஷன் கடலில் போனது, மனுப் போட்டது, பாஸ்போர்ட், வெளிநாட்டு அக்கா, எல்லாம். “செத்துட்டான்னு எழுதி வாங்கிட்டாத்தான் அந்தப் பொண்ணுக்கு விடிவுகாலம்,” என்று முத்தாய்ப்பும் வைத்தேன்.

அடுப்பில் பால் பொங்கிற்று, ஓடிப்போய் இறக்கிவிட்டு வந்தேன்.

“நல்லதுதாங்க்கா,” என்றது குரல். அவ்வளவுதான். மண்ணைத் தள்ளி மூட ஆரம்பித்தான்.

மண்வெட்டியை எந்தக் கையால் அழுத்திப் பிடித்தான் என்று என்னைக் கேட்காதீர்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். ஒரு நேரம் இடதாகத் தெரிகிறது, ஒரு நேரம் வலதாக.

8

இன்று வியாழக்கிழமை. தம்பிக்காரன் மெஷின் எடுக்கப் போயிருந்த பத்து நிமிஷத்தில் அண்ணி குழிக்குள் இறங்கி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்பது வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தியவள். இஸ்திரிப் பெட்டி ஒயரைக்கூட அவன் எந்தப் பக்கம் சுற்றுவான் என்று அவளுக்குத் தெரியும். ஏறி வந்தாள். முழங்காலில் மண். வீட்டுக்குள் போகவில்லை. தெருவைத் தாண்டி நேராக வந்து என் வாசலில் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் குழியோரத்தில் தம்பிக்காரன், கையில் வெட்டும் கருவியோடு, எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

“அக்கா, இந்தத் தெருவுல நாய் பொரண்டு படுத்தாக்கூட உங்களுக்குத் தெரியும். இங்க வந்து தோண்டுனது யாரு?”

பார்த்தேன் என்றால் நாளைக்கு அவளுக்குச் சான்றிதழ் இல்லை. பார்க்கவில்லை என்றால் நாளையோடு அவனுக்கு உயிர் இல்லை. அவனிடம் அன்று நான் பேசியதைச் சொன்னால், அவன் கதவைத் தட்டாமல் போனது யாரால் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடும். வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு வாய் திறக்கவில்லை.

கதையை இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. இவ்வளவு நேரம் என்னோடு ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தது நீங்களும்தான். கொஞ்சம் முன்னால் வாருங்கள். நான் நகர்ந்துகொள்கிறேன்.

அவள் கண் இப்போது உங்கள் மேல் இருக்கிறது.

“சொல்லுங்க. பாத்தீங்களா, இல்லையா?”