தம்பிக்கு ஒரு சீழ்க்கை

இத்தாலியின் பார்மா நகர ஓபரா அரங்கின் உச்சி மாடத்தில் நானும் என் நண்பன் குவால்தியேரோவும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். பாடகர் பிசகினால் அவரை அவமதிக்கும் முதல் சீழ்க்கை எப்போதும் இங்கிருந்துதான் கிளம்பும். இன்று பாடியவன் என் தம்பி நெல்லோ. சொந்த ஊரில் அவனுக்கு இதுதான் முதல் மேடை.

காலையில் அவன் சொன்னது இன்னும் என் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. "பாட்டு முடிவுல வர்ற அந்த உச்ச ஸ்வரத்த நான் எடுக்கப்போறதில்லண்ணா. மேல மாடத்துல இருக்கிறவங்க ஊதாம நீ பாத்துக்க."

சொன்னபடியே அந்த இடத்தில் ஸ்வரத்தைக் கீழே இறக்கிப் பாடி முடித்தான். குவால்தியேரோ விரல்களை வாயருகே கொண்டுபோனான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடுடா! வேற எவனாவதா இருந்தா நீதானே முதல்ல ஊதியிருப்பே?"

நான் பிடியை விடவில்லை.

கைதட்டலுக்குக் குனிந்து நிமிர்ந்த நெல்லோ, மாடத்தில் என்னைத் தேடிப் பிடித்து, நன்றி சொல்வதுபோல் நெஞ்சில் கைவைத்தான்.

அவன் ஏமாற்றியதைக்கூடப் பொறுத்திருப்பேன். என்னையும் கூட்டாளியாக்கிவிட்டான்.

குவால்தியேரோவின் கையை விட்டேன்.

"நீ சும்மா இரு. இவனுக்கு நான்தான் ஊதணும்."

இரண்டு விரல்களை வாயில் வைத்து, மூச்சு தீரும்வரை ஊதினேன்.