மண் நிற உடுப்பும் பத்து மணி பஸ்ஸும்

மட்டக்களப்பில் ஒழுங்காக உடுக்கத் தெரிந்த ஆண்பிள்ளை இதுவரை ஒருவன்தான் பிறந்திருக்கிறான். அவன் பெயர் ஹெக்டர். இதைச் சொன்னவனும் ஹெக்டர்தான். சொன்ன இடம் காத்தான்குடியில் மஜீட் காக்காவின் தையற்கடை. சொன்னபோது முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்லுகிற முகம்.

"தலை தொடக்கம் சப்பாத்து மட்டும் ஒரே நிறம், காக்கா. சத்தம் போடாத உடுப்பு. பாக்கிறவன் உடுப்பைப் பாக்கக்கூடாது. ஆளைப் பாக்க வேணும்."

மஜீட் காக்கா விரித்துக் கிடந்த துணியை விரலால் தேய்த்தார். "இது காக்கியெல்லோ தம்பி?"

"மண் நிறம்."

"மண் நிறமெண்டே வெச்சுக்குவம் மனே. கழுத்துப் பக்கம் வேற நிறத்தில ஏதாலும் சின்னனா…"

வாங்குப் பலகையில் இருந்த சினேகிதன் ஜெயராஜா, தன் கொலரின் பின்பக்கம் செருகியிருந்த சிவப்புக் கைலேஞ்சியை, அந்தக் கைக்குட்டையைப் பெருமையோடு தட்டிக் காட்டினான்.

"லேஞ்சியா?" என்றான் ஹெக்டர். "கொண்டை இடம்மாறிக் கழுத்தில முளைச்ச சேவல் ஊருக்கு ஒண்டு போதும். லேஞ்சி கட்டினவனுக்கு ஒருத்தனும் பொண் குடுக்கமாட்டான்."

"வேர்வை இழுக்கும் மச்சான்."

"வேர்க்காம இரு."

பெண் எடுக்கிற அவசரம் ஹெக்டருக்குத்தான் இருந்தது. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் அவன் கிளாக்கர். ஏதோ கடுதாசி விடயமாக அங்கே வந்துபோன வவுணதீவு ஆசிரியை மக்டலினுக்கும் அவனுக்கும் ஒரு வருடமாகக் கடிதப் போக்குவரத்து. அவள் தகப்பன் வின்சன்ற், கரடியனாற்றுப் பக்கம் ஒரு நெற்பண்ணையில் மேற்பார்வையாளர். மாப்பிள்ளை பார்ப்பதற்கென்று தனியாக ஒரு நாளைப் பாழாக்குகிற ஆள் அல்ல. சனிக்கிழமை உரம் எடுக்கப் பத்து மணி பஸ்ஸில் டவுனுக்கு வருவார், பஸ் நிலையத்தில் பையன் நின்றால் பார்ப்பார், பிடித்தால் பேசுவார்.

ஆகவே சேட்டு, களிசான், இடுப்பு வார், சப்பாத்து எல்லாம் மண் நிறம். பொத்தான்களையும் சாயத்தில் போட்டார் மஜீட் காக்கா. அக்கா ஞானமலர் வெள்ளைக் காலுறைகளைத் தேயிலைச் சாயத்தில் அவித்துக் கொடுத்தாள். பழைய நிறச் சேட்டுகளை ஹெக்டர் கொள்கைக்காக அத்தானிடம் முன்னமே தள்ளிவிட்டிருந்தான். அத்தானுக்குக் கொள்கை ஒன்றும் இல்லை. அன்றைக்கே ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு ஹெக்டர் பஸ் நிலையத்தில் நின்றான். ஒன்பதே முக்காலுக்குள் மூன்று பேர் கல்முனை பஸ் எப்போது என்று கேட்டுவிட்டார்கள். நாலாவது ஆள் கேட்கவே இல்லை. "ஏறாவூர் ஒண்டு" என்று காசை நீட்டினார். பத்து மணிக்கு டிப்போவைச் சேர்ந்த ஒருவர் போகிற போக்கில், "தொப்பி எங்கடா?" என்று ஏசிவிட்டுப் போனார். கரடியனாற்று பஸ் வரவில்லை.

பதினொரு மணிக்கு நபீஸா என்ற ஏறாவூர்க் கருவாட்டு வியாபாரி அவன் காலடியில் ஒரு சாக்கை இறக்கினாள்.

"மனே, இதைக் கொஞ்சம் மேல ஏத்து."

"நான் கொண்டக்டர் இல்ல."

"சாக்கைக் கண்டா எல்லாக் கொண்டக்டரும் இதைத்தான் சொல்லுற."

"இல்ல கா, நான் கச்சேரியில…"

"கச்சேரிக்குப் பிறகு போவாய். பஸ் வெளிக்கிடப் போகுது, தூக்கு!"

வாயால் விளங்கப்படுத்துவதைவிடச் சாக்கைத் தூக்குவது சுருக்கமான வேலை என்று பட்டது. பஸ்ஸின் பின் ஏணியில் பாதி தூரம், தோளில் கருவாட்டுச் சாக்கு, புதுச் சேட்டில் மீன் தண்ணீர். அந்த நேரம் பார்த்துக் கரடியனாற்று பஸ் பக்கத்தில் வந்து நின்றது. குடையும் கோபமுமாக ஒரு பெரிய மனிதர் இறங்கினார்.

"ஒரு மணித்தியாலம் பிந்தி வாற பஸ்! ஆர் இதுக்குப் பொறுப்பு? ஏய், ஏணியில நிக்கிறவன், உன்ட பேரென்ன?"

ஒரு கிழமையாகக் கண்ணாடி முன்னால் பழகிய வசனம். தானாகவே வந்துவிட்டது. "நான்தான் ஹெக்டர், ஐயா. மக்டலின் சொல்லியிருப்பா."

வின்சன்ற் அவனைத் தலை தொடக்கம் சப்பாத்து மட்டும் பார்த்தார். உடுப்பை மட்டும்தான் பார்த்தார்.

"என்ட மகள் கச்சேரிக் கிளாக்கர் எண்டெல்லோ சொன்னவள்."

"கிளாக்கர்தான் ஐயா. இது சும்மா உடுப்பு."

"சும்மா உடுப்பு. சும்மா சாக்கு. சும்மா ஏணி."

பஸ் யன்னலால் நபீஸா தலையை நீட்டினாள். "நல்ல பொடியன் ஐயா! மத்தக் கொண்டக்டர்மார் தொடவும் மாட்டானுகள்."

"கொண்டக்டர் வேலையில ஒரு குறையும் இல்ல," என்றார் வின்சன்ற். "பொய்தான் குறை." குடையை விரித்துக்கொண்டு உரக் கடைப் பக்கம் போய்விட்டார். சாக்கு இன்னும் ஹெக்டரின் தோளில்தான் இருந்தது.

புதன்கிழமை மக்டலினின் கடிதம் வந்தது. வழக்கமாக நாலு பக்கம். இம்முறை நாலு வரி. 'அப்பாவை மூன்று நாள் கெஞ்சினேன். வருகிற சனி பத்து மணிக்கு இன்னொருதரம் வருவார். அதற்குப் பிறகு வரமாட்டார். உடம்பில் எங்கேயாவது ஒரு நிறம் தெரிய வரவும்.'

ஹெக்டர் கடிதத்தை மேசையில் அறைந்தான். "என்ன பிழை? வெட்டில பிழையா? தையலில பிழையா?"

"வெள்ளையில போவன்டா," என்றாள் ஞானமலர். வெள்ளைக் களிசானும் வெள்ளைச் சேட்டும் போட்டு வந்து நின்றான். அவள் ஒருதரம் சுற்றிவந்து பார்த்தாள். "ஆஸ்பத்திரியில கட்டில் தள்ளுறவர் மாதிரி இருக்கு தம்பி." கறுப்பு? கறுப்பில் போனால் யாராவது வழக்குக் கட்டோடு துரத்திவருவார்கள். இந்த நாட்டில் ஒவ்வொரு நிறத்தையும் ஏதாவதொரு உத்தியோகம் முன்னமே பிடித்து வைத்திருந்தது. அத்தானிடம் சேட்டைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் அத்தான் சிரிப்பார்.

வியாழன் பின்னேரம், ஜெயராஜா பந்தடிக்கப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து, மஜீட் காக்காவின் கடைக்குள் நுழைந்தான். லேஞ்சிகள் அடுக்கியிருந்த கண்ணாடிப் பெட்டியைச் சுட்டிக் காட்டினான்.

"என்ன நிறம் தம்பி?" காக்காவும் சிரிக்கவில்லை. நல்ல மனிதர்.

"சத்தம் போடாத சிவப்பு."

"அப்பிடியொண்டு இன்னும் வரல்ல மனே. இருக்கிறது இதுதான்."

சனிக்கிழமை அவன் அதே மண் நிறத்தில் நின்றான். மீன் மணத்தைப் போக்க ஞானமலர் மூன்று தரம் அவித்திருந்தாள். கொலரின் பின்பக்கம் லேஞ்சியின் ஒரு நுனி, கடுகளவு. ஒரு கிழவர் கிட்ட வந்து, "தம்பி, கல்முனை பஸ்…" என்று தொடங்கினார். அவன் கழுத்தைப் பார்த்தார். நிறுத்திவிட்டு வேறு ஆளைத் தேடிப் போனார்.

அன்றைக்கென்று கரடியனாற்று பஸ் பத்து மணிக்கே நிலையத்துக்குள் திரும்பியது. யன்னலில் குடை தெரிந்தது. ஹெக்டர் அக்கம்பக்கம் பார்த்தான். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய், லேஞ்சியை இன்னும் நாலு விரல் வெளியே இழுத்துவிட்டான்.